நாற்பத்து நான்கு மில்லிமீட்டர்

பாளையங்கோட்டை ஆயுதப்படை ஸ்டோரில்
கவச உடை மொத்தம் பதினேழு.
சாவி என் இடுப்பில், பதிவேடு என் பேரில்:
ரெ. அமலபுஷ்பம், தலைமைக் காவலர்.

பயிற்சியில் படித்ததைச் சொல்கிறேன்.
இரண்டாம் மட்டம் கைத்துப்பாக்கியை நிறுத்தும்.
மூன்று-ஏ, அதைவிடக் கொழுத்த கைத்துப்பாக்கியை.
மூன்று என்றால் ரைஃபிள்;
அதற்குத் துணி போதாது, தகடு செருக வேண்டும்.
நான்கு, இரும்பைத் துளைக்கவென்றே வார்த்த குண்டுக்கு.
எண் ஏற ஏற எடை ஏறும்.
நான்கைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில்
மைதானத்தை ஒரு சுற்று ஓடிய சவரிராயன்
மறுநாளே டிரைவர் வேலைக்கு எழுதிக் கொடுத்தான்.

சோதிப்பது இப்படி:
களிமண் பாளத்தில் கவசத்தைக் கட்டிச் சுடுவார்கள்.
குண்டு உள்ளே வராதது மட்டும் போதாது.
பின்னால் மண்ணில் விழுந்த குழியை அளப்பார்கள்.
நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் வரை
தேறியது என்று முத்திரை.
அதைப் படித்த அன்று ஸ்கேலை எடுத்து
என் நெஞ்சில் குத்தலாக வைத்துப் பார்த்தேன்.
அவ்வளவு உள்ளே போனாலும்
பிழைத்ததாகத்தான் கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு
சண்முகவடிவைக் கூட்டிவந்தார்கள்.
அரசுத் தரப்பு முதல் சாட்சி.
அவள் அளவுக்கு ஒன்றுமில்லை,
எல்லாம் ஆண் நெஞ்சுக்குத் தைத்தது.
சேலைக்கு மேல் மூன்று-ஏயை மாட்டி
விலாப் பட்டையை இறுக்கினேன்.

"ஏட்டம்மா, இது அருவாளத் தாங்குமா?"

குண்டுக்குப் போட்ட எண் குண்டோடு சரி.
கத்திக்குக் கவசம் வேறு, சோதனை வேறு,
அதுவும் குத்துக்கு.
ஓங்கி வீசுகிற வீச்சுக்கு
இந்தப் பதினேழில் எதிலும் ஒரு வரி இல்லை.
எங்கள் பக்கம் துப்பாக்கி எங்களிடம்தான் இருக்கிறது.
மற்றவன் முதுகுச் சட்டைக்குள் இருப்பது வேறு.

"நெஞ்சத் தாங்கும்" என்றேன்.

"அவனுவ நெஞ்சுல வெட்டலியே."

கோர்ட்டில் குறுக்கு விசாரணை ஐந்தரை மணி நேரம்.
தெருவிளக்கு எரிந்ததா?
எத்தனை பைக்? எந்தக் கையில் எது?
இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது?
"பத்து வருசமா அவனுவ வயல்ல களையெடுத்தவ நான்.
நடை தெரியாதா?"
களையெடுத்ததற்குக் கூலி பாக்கி உண்டா என்று கேட்டார் வக்கீல்.
உண்டு என்றாள்.
அப்படியானால் பகை உண்டு என்றார்.
நான் கூண்டுக்கு ஓரமாக நின்றேன்.
ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மில்லிமீட்டர்
என்று தெரியவில்லை.
ஸ்கேல் ஸ்டோரில் இருந்தது.

சாயங்காலம் கழற்றும்போது
மேஜையில் டணங்கென்று ஒரு சத்தம்.
தகட்டுப் பையைக் காலியாகத்தான் கொடுப்போம்.
தகடு இரண்டு ஜோடி; பெரிய ஆட்கள் வந்தால் வெளியே வரும்.
ஜிப்பைத் திறந்தேன்.
எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு.
காலையில் நான் பதிவேட்டில் குனிந்திருந்த நேரம்
சோற்றுப் பையிலிருந்து மாற்றியிருக்கிறாள்.
விளிம்பில் புள்ளி புள்ளியாக
பூ. கொம்பையா – சண்முகவடிவு,
கீழே ஒரு தை மாதத் தேதி.
பேர் வெட்டுவது என்றுதான் சொல்வோம் இதை.
பாத்திரக் கடையில், மிஷின் சத்தத்துக்கு மேல்,
சிரித்துக்கொண்டே கத்திச் சொல்வோம்:
ரெண்டு பேரையும் சேர்த்து வெட்டுங்க.

"எடுத்துக்கிடுதியாம்மா?"

"அங்கனயே கெடக்கட்டும்.
பதினஞ்சாந் தேதி திரும்ப வாய்தா இருக்குல்லா."

அவள் போன பிறகு தராசில் வைத்தேன்.
முந்நூற்றுப் பத்து கிராம்.
எதையும் நிறுத்தாது.
வியர்வையில் ஊறிய உறையை மட்டும் கழற்றி
விதிப்படி நிழலில் காயப்போட்டுவிட்டு
பதிவேட்டைத் திறந்தேன்.

திரும்பப் பெற்றவை.
கவசம், மூன்று-ஏ: ஒன்று.
தகடு:

ஒன்று என்று எழுதினேன்.
மட்டம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.